ஆய்வு மாணவரின் முதல் மாதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

முனைவர் பட்ட ஆய்வில் புதிதாகச் சேர்பவர்களுக்கான அறிமுகக் கூட்டங்களில் விதிமுறைகளை விரிவாகச் சொல்கிறார்கள். அன்றாட வேலைக்கு உதவும் விவரங்கள் விடுபட்டுப்போகின்றன. சேர்க்கைக் கடிதத்தோடு ஒரு பக்கக் குறிப்பாகவே இவற்றை அனுப்பலாம்.

முதலில் நெறியாளர். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பது, வரைவைத் திருத்தித் தர எவ்வளவு காலம் ஆகும், கட்டுரையில் ஆசிரியர் பெயர்வரிசை எப்படி முடிவாகும் என்பதையெல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்டு, பேசியதை அன்றே சுருக்கமாக மின்னஞ்சலில் அனுப்பிவிட வேண்டும். பெயர்வரிசைப் பிணக்குகள் பலவும் தொடக்கத்தில் பேசாமல் விட்டதால் வருபவை. கட்டுரை முடிந்தபின் கேட்டால் கேள்வியே குற்றச்சாட்டாகத் தொனிக்கும்.

பதிவு எண்ணோ வங்கிக் கணக்கோ ஒரு கையொப்பமோ தாமதமானால் முதல் உதவித்தொகை தள்ளிப்போகும். இரண்டு மாதச் செலவுக்குக் கையிருப்பு தேவை.

படிக்கும் கட்டுரைகளை, மேற்கோள் பட்டியலைத் தானே தொகுத்துத் தரும் ஜோட்டெரோ (Zotero) போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேர்த்துவருவது நல்லது. கடைசி ஆண்டில் மேற்கோள் பட்டியலைக் கையால் தொகுப்பது பெரும்பாடு.

தரவுகளுக்கு 3 பிரதிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறு கட்டடத்தில் இருக்கட்டும். இணையச் சேமிப்போடு ஒத்திசைத்திருப்பது மட்டும் போதாது. கணினியில் தவறுதலாக அழித்த கோப்பு அங்கும் அழிந்துவிடும். மீட்பதற்கான கெடுவோ சில வாரங்கள்தான். மாதம் ஒருமுறை ஏதேனும் ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து திறந்து பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஆய்வு நெறியாளர் ஒருவர்