நியூ கிராண்டில் தங்கியது பற்றி நடேசனுக்கு

கோயம்புத்தூர்

அன்புள்ள நடேசா,

முழங்கால் ஆபரேஷன் முடிந்து நீ தடியில்லாமல் நடக்க ஆரம்பித்துவிட்டாய் என்று தங்கச்சி போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். ஆனாலும் கொஞ்ச நாளைக்கு மாடிப்படி வேண்டாம். ஜப்பான் போனால் எங்கே தங்கலாம் என்று கேட்டிருந்தாயே, நான் சொல்லப்போகிற ஓட்டலின் பெருமையே அதன் மாடிப்படிதான்! பயப்படாதே, லிஃப்டும் இருக்கிறது.

யோகோஹாமாவில் யமாஷிதா பூங்காவுக்கு எதிரே, துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது ஓட்டல் நியூ கிராண்ட். மாப்பிள்ளை டோக்கியோவில் நாற்பதாவது மாடிக்கு மேலே ஏதோ ஒன்றைப் பார்த்துவைத்திருந்தார். நான்தான் இதுவே வேண்டும் என்று அடம்பிடித்தேன். மேகத்துக்குள் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற ஓட்டல் எல்லா நாட்டிலும் ஒரே அச்சுதான். அதை நாம் துபாயிலேயே பார்த்தாயிற்று.

1923 செப்டம்பர் 1 பூகம்பத்தில் யோகோஹாமா மொத்தமாக விழுந்துவிட்டது. இடிந்தும் எரிந்தும் போனவற்றில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கிவந்த ஓட்டல்களும் உண்டு. பட்டு ஏற்றுமதியில் வாழ்ந்த துறைமுகம் அது. வாங்க வருகிறவன் படுக்க இடமில்லையென்றால் அவன் இன்னொரு துறைமுகமான கோபேக்குப் போய்விடுவான். அதனால் நகரசபையும் உள்ளூர் வியாபாரிகளும் சேர்ந்து முயற்சி எடுத்து எழுப்பிய ஓட்டல் இது. 1927 டிசம்பரில் திறந்தார்கள். எதிரே இருக்கிற பூங்காவே பூகம்ப இடிபாடுகளைக் கடலில் கொட்டி மேடாக்கிய இடம்தான்.

பழைய கட்டடத்தின் வாசலில் நுழைந்தால் நேரே நீலக் கம்பளம் விரித்த அகலமான படிக்கட்டு. மேலே ஏறினால் பழைய லாபி. மஹோகனித் தூண்கள், கடலைப் பார்த்த பெரிய ஜன்னல்கள், லிஃப்டுக்கு மேலே வாத்தியம் வாசிக்கும் தேவகன்னியர் நெய்த திரைச்சீலை. கமலா அந்த நெசவைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள், நானும் மாப்பிள்ளையும் பெட்டிகளோடு காத்திருந்தோம். காஞ்சிபுரத்தில் பிறந்தவளைத் திரைச்சீலை முன்னால் விட்டால் வேறென்ன நடக்கும்?

கட்டியவர் வாதனாபே ஜின் என்ற கட்டடக் கலைஞர். இவர் விஷயத்தில் ஒரு வேடிக்கை. போர் முடிந்து 1945 ஆகஸ்ட் 30 அன்று அட்சுகி விமானதளத்தில் இறங்கிய அமெரிக்க ஜெனரல் மக்ஆர்தர் நேரே வந்து தங்கியது இந்த ஓட்டலில். 1937லேயே மனைவியோடு தங்கிப் பழகிய இடமாம். பிறகு டோக்கியோ போய் அவர் தலைமையகமாக எடுத்துக்கொண்ட தாய்-இச்சி இன்ஷூரன்ஸ் கட்டடமும் இதே வாதனாபே கட்டியதுதான். ஜெயித்தவர் தூங்கியதும் ஆண்டதும் ஒரே ஜப்பானியர் கட்டிய கூரைக்குக் கீழே! காலையில் அவர் முட்டை கேட்க, ஊரெல்லாம் தேடியும் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது என்றும் ஒரு கதை சொல்வார்கள். நிஜமோ என்னவோ, அன்றைய பஞ்சத்துக்குப் பொருந்துகிற கதை. அவர் அறை 315ஆம் எண். அதில் படுக்க நமக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை.

சாப்பாட்டைப் பற்றித்தான் நிறைய எழுதவேண்டும். முதல் தலைமைச் சமையல்காரர் சாலி வைல், ஸ்விட்சர்லாந்துக்காரர். மெனுவில் இல்லாத பண்டத்தையும் கேட்கலாம், செய்து தருவோம் என்று மெனுவிலேயே அச்சிட்டு வைத்தவர். உடம்பு சரியில்லாத விருந்தாளி ஒருவர் தொண்டையில் சுலபமாக இறங்குகிறதாக ஏதாவது கேட்டாராம். சோற்றின்மேல் கிரீமில் வெந்த இறாலைப் போட்டு, சாஸும் பாலாடைக்கட்டியும் மூடி அடுப்பில் வாட்டிக் கொடுத்தார் வைல். அதுதான் தோரியா. இன்று ஜப்பானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சாப்பிடுகிற பண்டம். மெனு விஷயத்தைக் கேட்டதும் கமலா, "அப்படியானால் தயிர்சாதம் கேட்கலாமா?" என்றாள். வைல் இருந்திருந்தால் கேட்டிருப்போம்.

போருக்குப் பின் அமெரிக்கப் படை ஓட்டலை எடுத்துக்கொண்டு, 1952 வரை வைத்திருந்தது. சிப்பாய்கள் ஸ்பகெட்டியில் வெறும் கெச்சப்பைப் பிசைந்து தின்பதைச் சகிக்காமல் அடுத்த தலைமைச் சமையல்காரர் தக்காளியும் பூண்டும் சேர்த்துச் சரிசெய்த பண்டத்துக்குப் பெயர் 'நபோலிதான்'. அதிகாரிகளின் மனைவிமாருக்காகப் புட்டிங்கைச் சுற்றிப் பழமும் ஐஸ்கிரீமும் அடுக்கியது புட்டிங் அலாமோட். நான் நபோலிதானைவிடப் புட்டிங்குக்குத்தான் மார்க் போடுவேன். சர்க்கரை நோயாளியின் மார்க், அதனால் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

அந்தப் புட்டிங்குக்காகக் கீழே காபி ஷாப்பில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தேன். பெரும்பாலும் ஓட்டலில் தங்குகிறவர்கள் இல்லை, உள்ளூர்க்காரர்கள். பாட்டியும் பேத்தியும், அலங்காரமாக வந்த நான்கைந்து மாமிகள். சனிக்கிழமை உள்முற்றத்தில் ஒரு கல்யாணப்பெண் போட்டோவுக்கு நின்றாள். வெளியூர்க்காரனைத் திரும்ப வரவழைக்கக் கட்டிய ஓட்டலை உள்ளூர்க்காரர்கள் இப்படித் தங்களுடையதாக்கிக்கொண்டுவிட்டார்கள். நம் ஊர் ஐந்து நட்சத்திர ஓட்டல்களில் வாசல் காவலாளியைத் தாண்டவே உள்ளூர் ஆள் தயங்குவான், இல்லையா?

பூங்காவின் ஓரத்தில் குவிமாடம் வைத்த ஒரு சின்ன நீர்த்தூண் மண்டபம் இருக்கிறது, தவறவிடாதே. அது நம் நாட்டுக்காரர்கள் கொடுத்தது. பூகம்பத்துக்குப் பிறகு கோபேக்குப் போய்விட்ட இந்தியப் பட்டு வியாபாரிகளை யோகோஹாமா வீடும் கடையும் கட்டிக்கொடுத்துத் திரும்ப அழைத்தது. அந்த நன்றிக்கும், இறந்துபோன இந்தியர்களின் நினைவுக்குமாக எழுப்பியது. ஓட்டல் எதற்காக எழுந்ததோ அதே கவலையிலிருந்து வந்ததுதான் இதுவும்.

உபசாரத்தைப் பற்றி எல்லாரும் அளப்பார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். அறை சுத்தம் செய்கிறவருக்கென்று கமலா தலையணைமேல் ஐந்நூறு யென் வைத்துவிட்டு வந்தாள். மாலையில் அது மேஜைமேல் பத்திரமாக இருந்தது. போதவில்லை போலிருக்கிறது என்று மறுநாள் ஆயிரம் வைத்தாள். அதுவும் மேஜைக்கு வந்துவிட்டது! அங்கே டிப்ஸ் வழக்கம் கிடையாது என்று மாப்பிள்ளை சொன்னபிறகுதான் ஓய்ந்தாள்.

நீ போனால் பழைய கட்டடத்திலேயே அறை கேள். பக்கத்தில் 1991ல் கட்டிய 18 மாடி டவரில் உயரத்திலிருந்து துறைமுகம் தெரியும், ஆனால் அந்தக் காலத்து வாசனை பழையதில்தான். ஷிபுயாவிலிருந்து நேர் ரயில், மோதோமாச்சி-சூகாகாய் கடைசி ஸ்டேஷன், வெளியே வந்தால் ஓட்டல். அங்கே கரண்ட் 100 வோல்ட், இரண்டு தட்டைப்பின் பிளக். நம் சார்ஜருக்கு அடாப்டர் எடுத்துக்கொள். தங்கச்சி சைவம் என்பதை முன்பதிவிலேயே எழுதிவிடு. முட்டை, மீன்சாறு எதுவும் கூடாது என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மிசோ சூப்பில் மீன் வந்துவிடும்.

இங்கே மழை பரவாயில்லை, பில்லூர் அணையில் தண்ணீர் இருக்கிறது. சுமதிக்கு நாமக்கல் வரன் தகைகிற மாதிரி எழுதியிருந்தாயே, என்ன ஆயிற்று? தேதி முடிவானால் முதலில் எனக்குச் சொல், டிக்கெட் போடவேண்டும்.

அன்புடன்,
சபாபதி