பணம் கட்டியும் வாய் திறக்காத ஸ்கிரீன் ரீடர்: புகார்

அனுப்புநர்
2017 முதல் தங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

நாள்: 9-2-2026

பொருள்: புதுப்பிப்புக் கட்டணம் வாங்கிய பிறகும் விண்டோஸ் 11-ல் தங்கள் ஸ்கிரீன் ரீடர் பில்லிங் திரையைப் படிக்காதது தொடர்பாக.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. குலசேகரத்தில் ஒரு ரப்பர் கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையில் கோட்டயம் சந்தையின் ரப்பர் விலையைப் பார்த்து அன்றைய ரேட்டை ஏற்றுவது, ரப்பர் ஷீட்டும் ஒட்டுபாலும் (மரத்திலும் சிரட்டையிலும் ஒட்டி உலர்ந்த பால்) கொண்டுவருகிறவர்களுக்குக் கொள்முதல் பில் போடுவது, மாதக் கடைசியில் ஜி.எஸ்.டி. கணக்கை ஆடிட்டருக்கு அனுப்புவது எல்லாம் என் பொறுப்பு. இத்தனையையும், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் தங்கள் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளின் குரலைக் கேட்டுத்தான் செய்துவந்தேன். மவுஸைத் தொட்டதே இல்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. ஜி.எஸ்.டி. விவரம் இருக்கிற கம்ப்யூட்டரை இனிப் பழையதில் வைத்திருக்க வேண்டாம் என்று ஆடிட்டர் சொன்னதால் நவம்பரில் விண்டோஸ் 11-க்கு மாறினோம். பில்லிங் மென்பொருளும் புதிய பதிப்புக்கு மாறியது. மாறுவதற்கு முன்பே தங்கள் அலுவலகத்துக்கு போன் செய்து கேட்டேன். "9,500 ரூபாய் கட்டிப் புதுப்பித்தால் எல்லாம் வேலை செய்யும் சார்" என்றார்கள். அன்றைக்கே கட்டினேன்.

முதல் நாளே திரை முழுவதும் "பட்டன், பட்டன், பட்டன்" என்றுதான் கேட்டது. எது சேமி, எது நீக்கு என்று சொல்லவில்லை. எண்ணி எண்ணி, நான்காவது பட்டன் சேமி என்று மனப்பாடம் செய்துகொண்டேன். மறுவாரம் பில்லிங் மென்பொருள் ஒருமுறை அப்டேட் ஆனதும் அது ஐந்தாவதாகிவிட்டது.

அதைக்கூடச் சமாளித்திருப்பேன். சரக்கு வகையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல்தான் என்னைக் கவிழ்த்தது. கீழ் அம்புக்குறியை அழுத்தினால் வரிசை நகர்கிறது, குரல் வரவில்லை. முன்பு அந்த இடத்தில் "ஷீட்", "ஒட்டுபால்" என்று தெளிவாகச் சொல்லும். டிசம்பரில் ஒருநாள் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு 48 கிலோ ஒட்டுபாலை ஷீட் விலையில் பில் போட்டுவிட்டேன். அன்றைக்கு இரண்டுக்கும் கிலோவுக்கு 60 ரூபாய் வித்தியாசம், ஆக 2,880 ரூபாய். சாயங்காலம் இருப்புக் கணக்கு ஒத்துவராமல் தேடியபோதுதான் தெரிந்தது.

முதலாளி அதை என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. "மக்கா, விடுடே, ஆளு நம்ம ஆளுதான், நாளைக்குத் தந்துருவாரு" என்றார். அவரும் மறுநாளே கொண்டுவந்து தந்தார். ஆனால் அன்றிலிருந்து நான் போடுகிற ஒவ்வொரு பில்லையும் முதலாளியின் மகன் ஒருமுறை பார்த்த பிறகுதான் கொடுக்கிறார்கள். எட்டு வருடம் என் பில்லை யாரும் சரிபார்த்ததில்லை. இந்தக் கடிதத்தை எழுதவைத்தது அதுதான்.

குறை பில்லிங் மென்பொருளில் இருக்கலாம் என்று உங்கள் உதவி மையத்தில் சொன்னார்கள். நியாயமான சந்தேகம்தான். ஸ்கிரீன் ரீடர் திரையைப் படமாகப் பார்ப்பதில்லை; இது பட்டன், இதன் பெயர் இது என்று அந்தந்த மென்பொருள் சொல்லிக்கொடுத்தால்தான் அதுவும் சொல்லும். அதனால் அதே கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்ற இன்னொரு ஸ்கிரீன் ரீடரைப் போட்டுப் பார்த்தேன். அது "சேமி" என்கிறது, "ஒட்டுபால்" என்கிறது, ஒரு வரியையும் விடவில்லை. ஆக, பில்லிங் மென்பொருள் பெயரைச் சொல்லத்தான் செய்கிறது. உங்கள் மென்பொருளுக்குத்தான் அதைக் கேட்கத் தெரியவில்லை. இரண்டையும் ஒலிப்பதிவு செய்து இணைத்திருக்கிறேன். பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச மென்பொருள் புது விண்டோஸுக்கு ஈடுகொடுக்கிறது. வருடா வருடம் பணம் வாங்குகிற உங்களுடையதற்கு ஏன் முடியவில்லை?

பிறகு அதையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். அதில் இலவசமாக வருகிற தமிழ்க் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது. எட்டு மணி நேரம் அதைக் கேட்டால் தலை வலிக்கிறது. உங்கள் தமிழ்க் குரல் நல்ல குரல், அதை மறுக்கவில்லை. அதற்காகத்தான் பணம் கொடுத்தேன். உங்கள் குறுக்குவிசைகளும் என் விரலில் ஊறிப்போனவை.

இதற்கிடையில், படங்களை விவரிக்கும் செயற்கை நுண்ணறிவு வசதி வந்திருப்பதாகப் பெருமையோடு மெயில் அனுப்பினீர்கள். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலத்தில் என் மகள் எடுத்த போட்டோவைக் கொடுத்தேன். "கடலுக்கு மேல் ஒரு பாலம், பின்னால் உயரமான சிலை" என்றது. சரியாகவே சொன்னது. ஆனால் அந்தப் பாலத்தில் நான் நடந்திருக்கிறேன். சிலை 133 அடி என்பதும் எனக்குத் தெரியும். கடலுக்கு நடுவில் நிற்கிற சிலையைச் சொல்கிற மென்பொருள், என் மேஜையில் இருக்கிற சேமி பட்டனைச் சொல்லக் கூடாதா?

"அடுத்த பதிப்பு வரும்வரை விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடுங்கள்" என்பது ஜனவரியில் உங்கள் ஊழியர் சொன்ன தீர்வு. பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோனதில் கடையின் வரிக்கணக்கை வைக்கச் சொல்வது ஆலோசனை ஆகாது.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30-ல் தீர்ப்பளித்தது. வங்கியும் அரசும் தங்கள் வாசலைத் திறந்து வைத்தாலும், உள்ளே போக எனக்கு இருக்கிற வழி உங்கள் மென்பொருள்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் விண்டோஸ் 11-ல் பெயர்களையும் பட்டியல்களையும் படிக்கும் திருத்தத்தைத் தர வேண்டும். முடியாவிட்டால் புதுப்பிப்புக்குக் கட்டிய 9,500 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். இரண்டும் நடக்காவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு போடுவேன்.

கடைசியாக ஒன்று. என் முதல் புகாருக்கு நீங்கள் அனுப்பிய பதில் ஸ்கேன் செய்த பி.டி.எஃப். அதாவது வெறும் படம். உங்கள் ஸ்கிரீன் ரீடரில் திறந்தேன். "வெற்று ஆவணம்" என்றது. மகளைக் கூப்பிட்டுத்தான் படித்தேன். இந்த முறை பதிலை எழுத்தாகவே மெயிலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
குலசேகரம்.

இணைப்பு: ஒலிப்பதிவு 2, கட்டண ரசீது 1.