முதலில் எந்தப் பதிப்பு என்று பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஹெவி மெட்டல் பாடகர் ஆஸி ஆஸ்போர்னின் முதல் சோலோ ஆல்பத்தில் டிரம்ஸ் சுமார்தான் என்கிறாள் உன் தோழி, பிரமாதம் என்கிறாய் நீ. இரண்டு பேர் சொல்வதும் சரியாக இருக்கலாம். நீங்கள் கேட்பது ஒரே வாசிப்புதானா என்று முதலில் பாருங்கள்.

1980-இல் வந்த அந்த முதல் ஆல்பம் ‘பிளிஸார்ட் ஆஃப் ஆஸ்’, அடுத்த வருடம் வந்த ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ இரண்டிலும் பேஸ் கிதார் பாப் டெய்ஸ்லி, டிரம்ஸ் லீ கெர்ஸ்லேக். ராயல்டி தகராறு முற்றிய நேரத்தில் வந்த 2002 மறுவெளியீட்டில் இவர்கள் வாசித்ததை அப்படியே எடுத்துவிட்டு, ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் வைத்துப் புதிதாகப் பதிந்து சேர்த்தார்கள். ரேண்டி ரோட்ஸின் கிதார் பழையது, அடியில் ஓடும் தாளம் புதிது. 2011 வெளியீட்டில்தான் பழைய வாசிப்பு திரும்பி வந்தது. அட்டையில் உள்ள பெயர்களை வைத்துக் கண்டுபிடிக்கலாமே என்பாய். அதிலும் வில்லங்கம்: ‘டைரி’யின் 1981 அட்டையிலேயே, அதில் வாசிக்காத ரூடி சார்ஸோ, டாமி ஆல்ட்ரிஜ் பெயர்கள்தான் இருந்தன! அதனால் வருடத்தைப் பிடி. ஸ்ட்ரீமிங்கில் பல நேரம் ஆல்பம் முதலில் வந்த வருடத்தையே போட்டிருப்பார்கள். பாட்டின் பெயருக்குப் பின்னால் ரீமாஸ்டர் என்று வால் இருக்கிறதா, அடியில் உரிமைக் குறிப்பில் எந்த வருடம் என்று பார்.

ரீமாஸ்டர், ரீமிக்ஸ் இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. முடிந்துபோன இரண்டு சேனல் கலவையின் ஒலியளவையும் தொனியையும் திருத்துவது ரீமாஸ்டர். ஒவ்வொரு கருவியின் டிராக்கையும் தனியாக எடுத்து மறுபடி கலப்பது ரீமிக்ஸ். ரஷ் பேண்டின் ‘வேப்பர் டிரெயில்ஸ்’ 2002-இல் வந்தபோது ஒலி கரகரவென்று சிதைந்திருந்தது. மாஸ்டரிங்குக்கு முன்பே சிதைவு புகுந்திருந்ததால் ரீமாஸ்டர் பண்ணித் தீர்க்க முடியாது. 2013-இல் மொத்தத்தையும் ரீமிக்ஸ்தான் செய்தார்கள்.

மெட்டாலிகா பேண்டின் ‘டெத் மேக்னடிக்’ சண்டை வேறு வகை. 2008-இல் வந்த சிடியில் சத்தத்தை ஏற்றோ ஏற்று என்று ஏற்றியதில் அலைகளின் உச்சி வெட்டுப்பட்டுப் போனது. அதே பாடல்கள் கிதார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டிலும் வந்தன, அந்தப் பிரதியில் சத்தத்தை ஏற்றுவதற்காக உச்சியை அமுக்கியது குறைவு. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டதில்தான் விஷயம் வெளியே வந்தது. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் இரண்டையும் திறந்து டிரம்ஸ் அடி விழும் இடத்தைப் பெரிதாக்கு. நல்ல பிரதியில் ஒவ்வொரு அடியும் ஊசியாக நிற்கும், வெட்டியதில் மேலே தட்டையாக இருக்கும். போன உச்சி வால்யூமைக் குறைத்தால் திரும்பி வராது.

ஒப்பிடும்போது எல்லாரும் சறுக்குவது ஒலியளவில். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே அதுதான் தெளிவு, அதுதான் அழுத்தம் என்று காது சொல்லிவிடும். இரண்டு பிரதியிலிருந்தும் அதே 30 வினாடியை வெட்டு. உச்சத்தைப் பார்த்துச் சமன் செய்யாதே, சராசரி ஒலியளவைச் சமன் செய். எப்போதும் சத்தமானதைத்தான் இறக்க வேண்டும், மற்றதை ஏற்றினால் அதுவும் வெட்டுப்படும். பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவரைப் பத்துத் தடவை போடச் சொல், ஒவ்வொரு தடவையும் எது என்று நீ கண்டுபிடி. பத்துக்கு ஐந்து சரி என்றால் அது குருட்டாம்போக்கு. ஒன்பதாவது வந்தால் பேசு. இசைத்தட்டிலிருந்து பதிந்த கோப்புக்கு டைனமிக் ரேஞ்ச் எண், அதாவது உச்சத்துக்கும் சராசரி ஒலியளவுக்கும் உள்ள இடைவெளி, கூடுதலாக வரும், அதைக் காட்டி யாராவது வாதாடினால் நம்பாதே. தட்டு வெட்டும்போதும் ஊசி வாசிக்கும்போதும் அலையின் ஃபேஸ் (அலைகள் ஒன்றுக்கொன்று பொருந்தும் நேரம்) நகர்வதால், அதே மாஸ்டரிலிருந்து வந்த தட்டுகூட அப்படித்தான் காட்டும்.

ஏசி/டிசியில் பாடியவர்களில் பான் ஸ்காட்டா பிரையன் ஜான்சனா, வான் ஹேலனில் ராத்தா ஹேகரா என்ற சண்டைகளுக்கு இந்தச் சோதனையெல்லாம் உதவாது. போட்டுக்கொள்ளுங்கள், நான் வரவில்லை.

மெட்டாலிகாவின் ‘அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ பற்றியும் கேட்டிருந்தாய். 1988-இல் கலக்கும்போதே ஜேசன் நியூஸ்டெட்டின் பேஸை வேண்டுமென்றே இறக்கிவிட்டார்கள். அவர் பெரும்பாலும் ரிதம் கிதாரை நிழல்போல் ஒட்டி வாசித்ததால் மிச்சமிருந்ததும் அதற்குள் மறைந்துவிட்டது. ஈக்வலைசரில் 80, 100 ஹெர்ட்ஸை ஏற்றிப் பிரயோஜனமில்லை, கிக் டிரம்தான் வீங்கும். 2018 மறுவெளியீடு ரீமாஸ்டர் மட்டுமே, அதிலும் பேஸைத் தேடாதே. ரசிகர்கள் பேஸை ஏற்றிச் செய்த பிரதிகள் சுற்றுகின்றன. ஒரு தடவை கேள், நன்றாகவே இருக்கும். ஆனால் அதை வைத்து ஆல்பத்துக்கு மார்க் போடாதே, அது பேண்ட் வெளியிட்டதல்ல.

அன்புடன்,
அப்பா