பேட்ச் ஒட்டியும் விட முடியாத பெண்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிகரெட்டை விடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் படிக்கிறவர் ஆண் என்றே எண்ணி எழுதியதுபோல் பட்டது. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

சிகரெட்டுக்கு அடிமையாக்குகிற பொருள் நிகோட்டின். அதையே தோல்வழியாகச் சிறிதுசிறிதாகக் கொடுத்து ஏக்கத்தைக் குறைக்கும் ஒட்டுப்பட்டைதான் நிகோட்டின் பேட்ச். அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவில் கைகொடுப்பதில்லை. பதினான்கு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து அமெரிக்க ஆய்வாளர் கென்னத் பெர்க்கின்ஸும் இன்னொருவரும் 2008இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பேட்ச் ஒட்டிய ஆண்களில் 20.1 விழுக்காட்டினர் ஆறு மாதம் கழித்தும் புகைக்காமல் இருந்தார்கள்; பெண்களில் 14.7. மருந்தில்லாத வெற்றுப் பேட்ச் ஒட்டியவர்களில் ஆண்கள் 10.8, பெண்கள் 10.1. ஆக, பெண்களுக்கும் பலன் உண்டு, ஆனால் ஆண்களுக்குக் கிடைப்பதில் பாதிதான். எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரணம் மனவுறுதி இல்லாதது அல்ல. பெண்ணுடல் நிகோட்டினை வேகமாகச் சிதைத்து வெளியேற்றுகிறது; கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் இன்னும் வேகம், கர்ப்பகாலத்தில் அதைவிட வேகம். அதனால் பேட்ச் தரும் நிகோட்டின் போதாமல் போகலாம். பிரிட்டனில் 1,050 கர்ப்பிணிகளிடம் நடந்த சோதனையில் பேட்ச் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று 2012இல் தெரிந்தது. போதாததற்கு, பல பெண்களைப் பிடித்து வைத்திருப்பது நிகோட்டின் மட்டுமல்ல. அந்த வாசனை, விரலிடுக்கில் சிகரெட் இருக்கும் உணர்வு, மனம் கலங்கும் வேளை, எல்லாம் சேர்ந்துதான். தோலில் ஒட்டும் பேட்ச் இவற்றை என்ன செய்யும்?

சிகரெட்டை விடுவதற்கென்றே உள்ள வரனிக்ளின் மாத்திரை பெண்களுக்கு பேட்ச்சை விட நன்றாக வேலை செய்வதாகப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துப் பின்னால் வந்த தொகுப்பாய்வு ஒன்று காட்டியது. மருத்துவர் எழுதித் தரவேண்டிய மருந்து அது. கூடவே தொடர்ச்சியான ஆலோசனையும் வேண்டும்.

நம் நாட்டில் 2016-17 கணக்கெடுப்பின்படி ஆண்களில் 19 விழுக்காட்டினரும் பெண்களில் 2 விழுக்காட்டினரும் புகைக்கிறவர்கள். இத்தனை குறைவு என்பதாலேயே அந்தப் பெண்கள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. மருத்துவரும் கேட்பதில்லை. கடைக்கு வந்தால்கூட "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லித்தான் நிகோட்டின் சுவிங்கம் வாங்குகிறார்கள். அது பலிக்காதபோது தன்னையே நொந்துகொண்டு மறுபடி பற்றவைக்கிற பெண்ணிடம், குறை உன்னிடம் இல்லையம்மா என்று யாராவது சொல்ல வேண்டாமா?

பெண்களுக்காகத் தனியே ஒரு கட்டுரை வெளியிடுங்கள். சிகரெட் பெட்டியில் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணையும் அதில் பெரிய எழுத்தில் போடுங்கள். முகம் காட்டாமல் பேசலாம் என்பது அவர்களுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மதுரை