போயா தின உணவுச் சந்தை: உறுப்பினர்கள் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வருகிற போயா (பௌர்ணமி) தினத்தன்று காலை 10 மணிக்கு, அப்புத்தளை பக்கத்துத் தோட்டங்களில் உள்ள நாம் எல்லோரும் வாசிகசாலை மைதானத்தில் கூடுகிறோம். கச்சான் எனும் வறண்ட தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலம், ஆகவே கூடாரக் கயிறுகளை முதல் நாள் மாலையே இழுத்துக் கட்ட ஆட்கள் வேண்டும். அந்தக் காற்றைத் திட்டாதீர்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை நம் ஊவா மாகாணத் தேயிலைக்குத் தனி மணம் தருவது அதுதான்.

அடுப்பில் தடித்த தேங்காய் ரொட்டியும் காரமான கட்டச் சம்பலும் சுடச்சுடக் கிடைக்கும். இந்த முறை கொழுந்துச் சம்பலும் உண்டு. தேயிலையின் இளந்தளிரைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய் சேர்த்து, கடைசியில் தேசிக்காய் பிழிய வேண்டும். துவர்ப்பு நாக்கில் லேசாக நிற்க வேண்டும், அதற்குப் பயந்து தேங்காயை அள்ளிக் கொட்டினால் அது வெறும் தேங்காய்ச் சம்பல்தான். மருந்தடித்த தேயிலை மலையில் தளிர் பறிக்க வேண்டாம், வீட்டுத் தோட்டத்துச் செடி போதும்.

எருமைத் தயிருக்குக் கித்துள் பனைப் பாணி கொண்டுவருபவர்கள் சீனி கலக்காததைக் கொண்டுவாருங்கள். வைன் உண்டா, கள் உண்டா என்று கேட்ட தம்பிமாருக்கு: போயா அன்று மது விற்பனைக்குச் சட்டப்படி தடை. இஞ்சித் தேநீர் தாராளமாக உண்டு.

பிற்பகலில் தப்பு மேளம் அடிப்பு, பிள்ளைகளுக்குச் சாக்கோட்டம். தட்டு, கோப்பை அவரவர் வீட்டிலிருந்து. சமைக்க வருபவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் இங்கே பெயர் தாருங்கள்.