பத்தை விடு, ஒன்றைப் பிடி

அடியே,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து இது பதில். இங்கே எல்லோரும் சுகம். சுண்டெலிக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள், மூக்கு அப்படியே அவளுடையது. மற்ற கதையெல்லாம் போனில்.

வானியல், ரோமானியச் சட்டம், நரம்பியல் என்று பதினோரு இணையப் பாடங்களுக்குப் பேர் கொடுத்திருக்கிறாயே, நீ மாறவே மாட்டாயா? லைப்ரரி அக்காவை அழவைத்தவள்தானே! உன் ஆசை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. அதனால்தான் சண்டைக்கு வருகிறேன்: பத்தை விட்டுவிடு.

அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து 2012இல் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தைத் தொடங்கின. முதல் வருஷத்தில் தாங்கள் நடத்திய 17 பாடங்களின் கணக்கை அவர்களே வெளியிட்டார்கள். பதிவுகள் 8,41,687, சான்றிதழ் வரை போனவை 43,196. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. வேண்டிய ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்தியாகப் போனவர்களும் இதில் இருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உன்னை எனக்குத் தெரியும். உனக்கு அடிவரை போக வேண்டும்.

நான் இப்போது லீனியர் அல்ஜீப்ராவில் கிடக்கிறேன். எம்.ஐ.டி.யின் கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999இல் எடுத்த வகுப்புகள், வீடியோவில். கரும்பலகை, சாக்பீஸ், அவர், அவ்வளவுதான். முதல் வகுப்பிலேயே ஆளை உலுக்கிவிட்டார். நமக்கு மனப்பாடமான சங்கதிதான்: தெரியாத எண்கள் இரண்டு. முதல் எண்ணின் இரு மடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 0. இரண்டாவதின் இரு மடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் 3. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் ஒரு கோடு வரைந்தால் இரண்டும் வெட்டும் இடத்தில் விடை: 1, 2. இதைத்தான் நம் ட்ரிக்னாமெட்ரி அம்மாவும் சொல்லிக்கொடுத்தார். ஸ்ட்ராங் இரண்டு சமன்பாட்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி, அதே எண்களை நெடுக்குவாட்டில் படிக்கச் சொல்கிறார். முதல் எண்ணைப் பெருக்குகிற (2, −1) ஓர் அம்பு, இரண்டாவதைப் பெருக்குகிற (−1, 2) இன்னோர் அம்பு. எதை எத்தனை தரம் வைத்தால் (0, 3)க்குப் போய்ச் சேரலாம்? முதலாவது ஒரு தரம், இரண்டாவது இரண்டு தரம். விடை அதேதான், ஆனால் இப்போது கேட்கத் தோன்றுகிற கேள்வியே வேறு: இந்த இரண்டு அம்பை வைத்துக்கொண்டு எங்கெல்லாம் போகலாம், எங்கே போகவே முடியாது? அந்தப் பாடம் முழுக்க இந்தக் கேள்வியிலிருந்துதான் விரிகிறது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லையடி.

வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். கணக்குத் தாளை எடுத்தால்தான் எது புரியவில்லை என்று தெரியும். எம்.ஐ.டி. தன் பாடங்களை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் ஓப்பன்கோர்ஸ்வேர் தளத்தில் இந்தப் பாடத்துக்குப் பயிற்சிக் கணக்கு, பழைய வினாத்தாள், விடை எல்லாம் கிடைக்கின்றன. 2001இல் அறிவித்த திட்டம். பேர்கூடக் கொடுக்க வேண்டாம், கெடுவும் கிடையாது, சான்றிதழும் கிடையாது. நீ சேர்ந்திருக்கும் கோர்செரா, எட்எக்ஸ் பாடங்களில் 'இலவசம்' என்பதைக் கொஞ்சம் கவனித்துப் படி. வகுப்பைக் காட்டிவிட்டு, மதிப்பெண் போடும் பயிற்சிகளுக்குப் பணம் கேட்பது அங்கே சகஜம். எட்எக்ஸில் இலவசமாகப் படிக்கிறவர்களுக்குக் குறிப்பிட்ட நாளோடு கதவு சாத்திவிடும்.

"இந்த வயதில் படித்து யாரிடம் காட்டப்போகிறேன்" என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் வயிறு கலங்கியது. எம்.எஸ்ஸி. விண்ணப்பத்தை உன் வீட்டார் உன் கையிலிருந்து வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிய நாள் எனக்கு மறக்கவில்லை. நீ அழவில்லை, நான்தான் அழுதேன். அன்றைக்கு இடம் கிடைத்திருந்தால் நீ எங்கே இருந்திருப்பாய் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன். போன காலத்தை எந்த வீடியோவும் திருப்பித் தராது, தெரியும். ஆனால் அந்தக் கணக்கு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் போட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

லீனியர் அல்ஜீப்ராவுக்கே வா என்று கட்டாயப்படுத்தவில்லை. பதினொன்றில் எது வேண்டுமானாலும் சரி, ஒன்றைச் சொல். லீனியர் அல்ஜீப்ராவையே எடுத்தாயானால், முதல் கணக்குத் தாளைக் கையால் போட்டுப் போட்டோ எடுத்து அனுப்பு. விடையைத் திருத்தி அழகுபடுத்தாதே. எந்த வரியில் முட்டி நின்றாயோ அதில் ஒரு வட்டம் போடு. என் தாளையும் அதே மாதிரி அனுப்புகிறேன், இரண்டையும் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பேசுவோம்.

உன்,
முன் பெஞ்ச்