படையலில் இல்லாத ராக்லெட்

சித்தப்பா,

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஆட்டத்திதி. உங்களுக்குப் பிடித்தவை என்று சித்தி எழுதிய பட்டியலில் பொரித்த கத்தரிக்காய்க் குழம்பு, வடை, மாம்பழம் எல்லாம் இருக்கின்றன. உருக்கிச் சாப்பிடுகிற சுவிஸ் சீஸ் ராக்லெட் மட்டும் இல்லை. கேட்டேன். கன்றுக்குட்டியின் இரைப்பையில் எடுத்த உறை போட்டுத் திரட்டுகிற சீஸ், சைவப் படையலுக்கு ஆகாது என்றார். நியாயம்தான். ஆனால் "அவருக்கு அந்த மணமே பிடிக்காது, அது வேலை" என்றாரே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீங்கள் வேலை செய்த உணவகத்துக்கு எங்கள் வகுப்பு வந்த அந்த இரவு நீங்கள் அடுப்படியில் இல்லை, முன்னால் நெருப்போடு நின்றீர்கள். பாதி வட்டச் சீஸின் வெட்டுமுகம் முதலில் வியர்த்தது, பிறகு கொப்புளித்தது. கத்தியால் ஒரே இழுவை. தோலோடு அவித்த உருளைக்கிழங்கின் மேல் மஞ்சளாக வழிந்தது. பக்கத்தில் குட்டி வெள்ளரிக்காய், வெள்ளை வெங்காய ஊறுகாய். என் முறை வந்தபோது மட்டும், ஓரத்தில் முறுகிய தோலையும் சுரண்டி வைத்தீர்கள். சோற்றுப் பொருக்கு மாதிரி அதற்கு அங்கே அடிபிடி. வைத்துவிட்டு, "பொன் அப்பெத்தி, மத்மோசேல்" என்றீர்கள், யாரோ ஒரு வாடிக்கையாளரிடம் பிரெஞ்சில் "நன்றாகச் சாப்பிடுங்கள், மிஸ்" என்பதுபோல.

மத்மோசேல்! நான் உங்கள் அண்ணன் மகள்.

நானும் "சித்தப்பா" என்று கூப்பிடவில்லைதான், மன்னியுங்கள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது. நீங்கள் தொடங்கியிருந்தால் நானும் கதைத்திருப்பேன். பெரியவர் நீங்கள்தானே? பிறகு வீட்டில் நடந்ததை இங்கே எழுதவில்லை, சொந்தக்காரர் வாசிப்பார்கள்.

சித்திக்குத் தெரியாத ஒன்று: கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன். மிச்சத் தோலைச் சுரண்டி வாயில் போட்டுக் கண்ணை மூடினீர்கள். மணம் பிடிக்காதவர் அப்படியா சாப்பிடுவார்? வீட்டுக்கு வந்தால் மட்டும் சட்டையைப் பால்கனியில் போடுவீர்கள். எங்களுக்கு ஒருநாள்கூட உருக்கித் தரவில்லை.

சரி. சனிக்கிழமை இரவே என் வீட்டில் செய்யப்போகிறேன். கடையில் சீவி அடுக்கி விற்கிறதை நீங்கள் சீஸென்றே மதிக்க மாட்டீர்கள். அதனால் வாலே ராக்லெட்டே வாங்கினேன், பாதி வட்டம், இரண்டரைக் கிலோ. 2007இலிருந்து சுவிஸின் வாலே கன்டோனில், அதாவது அந்த மாநிலத்தில், காய்ச்சாத பசும்பாலில் செய்தால்தான் அந்தப் பெயர். குளிர்தண்ணீர் கிடையாது, வாலேக்காரர் சொல்கிறபடி பிளேன்டீதான். சித்தியையும் கூப்பிட்டிருக்கிறேன், வருவதாகச் சொல்லவில்லை.

உருளைக்கிழங்கின் மேல் கொஞ்சம் மிளகாய்த்தூள் தூவுவேன். அதற்கு நீங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். சுளியுங்கள்.